கோத்தகிரிக்குப் போகாத மேனிஃபோல்டு

பானெட்டைத் தூக்காதீங்க தம்பி, முதல்ல காபியைக் குடிங்க. கொச்சியிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க, வண்டி எங்கயும் ஓடிப் போயிராது. ஓடற நிலமையில இல்லைன்னு விளம்பரத்துலயே போட்டிருந்தேன். என்ன கோளாறுன்னு போன்ல கேட்டீங்க, நேர்ல வாங்க சொல்றேன்னேன். கோளாறு வண்டியில இல்லீங்க, ஒரு ஆளுல. உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதுல உக்காருங்க.

சூசைமாணிக்கம்னு ஒருத்தன். போத்தனூர்க்காரன். இருபத்தாறு வருசம் என்ற மெக்கானிக்கா இருந்தான். என்னை விட மூணு வயசு மூத்தவன், ஆனா நான் வாடா போடான்னுதான் கூப்பிடுவேன். பழக்கம் அப்படி. அவனும் ஒண்ணும் சொன்னதில்லை. அந்த ஆளை நான் எப்படி வச்சிருந்தேன்னு இந்தக் கணபதி ஏரியா முழுக்க யாரை வேணாலும் கேளுங்க. தீபாவளிக்கு வேட்டி சட்டை. வீட்ல விசேசம்னா இலை போட்டு சோறு, கடைசிப் பந்தின்னாலும் எங்க ஆளுகளோடதான். அப்படி வச்சிருந்த என்னை ரெண்டு வருசம் ஏமாத்தியிருக்கான். ரெண்டு வருசம்!

இருங்க, வரிசையாச் சொல்றேன்.

இந்த வண்டி அறுபத்திரண்டாம் வருச மாடல். இங்கிலீஷ் வண்டி, ரெண்டே சீட்டு. எங்கப்பா ஒரு எஸ்டேட் துரைகிட்ட வாங்கினது. எங்களுக்கு மோட்டார் பம்பு செய்யற பவுண்டரி, அதுதான் சோறு போடறது. வண்டி ஆசைக்கு. வருசா வருசம் எங்க பழைய கார் சங்கத்துல மேட்டுப்பாளையத்துலயிருந்து கோத்தகிரிக்கு மலையேத்தம் வைப்போம். யாரு முதல்ல மேல போறாங்களோ அவங்களுக்கு ஒரு வெள்ளிக் கிண்ணம். கிண்ணம் சின்னதுதான், பொங்கல் கூடப் போட முடியாது. ஆனா அது ஏழு வருசமா என்ற சித்தப்பா பையன் ஜெயராமுலு வீட்டு ஷோகேஸ்லதான் உக்காந்திருக்குது. ஒவ்வொரு தடவை அவன் வீட்டுக்குப் போறப்பவும் அந்தக் கிண்ணத்துக்கு எதுத்தாப்பலதான் என்னை உக்கார வைப்பான். வேணும்னே.

அந்த வருசம் விடறதில்லைன்னு முடிவு பண்ணினேன். பழைய கார்புரேட்டரைக் கழட்டி எறிஞ்சுட்டு இத்தாலிக் கார்புரேட்டர் ரெண்டு, பெருசு, வரவழைச்சேன். கார்புரேட்டர் மாத்தினா மேனிஃபோல்டும் மாத்தோணும். தெரியுமில்ல? கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவுல வர்ற அலுமினியக் குழாய். அது வழியாத்தான் காத்தும் பெட்ரோலும் சேர்ந்து உள்ள போகும். அதுல ரெண்டு வகை இருக்குது. குட்டையா தடியா இருக்கறது ஒண்ணு, நீளமா ஒடுக்கமா இருக்கறது ஒண்ணு. நான் இங்கிலாந்துல ஒரு கம்பெனிக்கு எழுதி குட்டையான பந்தய மேனிஃபோல்டு வரவழைச்சேன். வெள்ளி மாதிரி பளபளன்னு இருந்துச்சு. டைனிங் டேபிள் மேல வச்சு ஒரு வாரம் பாத்துட்டே சாப்பிட்டேன். என்ற சம்சாரம் கூட, "அதுக்கும் ரெண்டு இட்லி வைக்கட்டுமா?"ன்னா.

சூசையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் அதைக் கையில வாங்கி, உள்ள விரலை விட்டுச் சுத்திச் சுத்திப் பாத்தான். பாத்துட்டுக் கீழ வச்சான். "நல்ல சாமானுங்க முதலாளி. ஆனா நம்ம வண்டிக்கு ஆகாதுங்க"ன்னான்.

ஏன்டா ஆகாதுன்னேன். "இது நேர் ரோட்டுல முழு வேகத்துல போறதுக்குங்க. மலையில கொண்டை ஊசி வளைவுல வண்டி மெதுவாகி மறுபடி இழுக்கோணும். தடிக் குழாயில இளநி குடிச்சுப் பாருங்க, மூச்சுத்தான் வாங்கும். சின்னக் குழாயில ஒரு உறிஞ்சுல வந்துரும். நமக்கு நீளமா ஒடுக்கமாத்தானுங்க வேணும்." இது ஒண்ணு. இன்னொண்ணும் சொன்னான். எங்க இன்ஜின் ஹெட்டு, அதான் மேல் மூடி, முன்ன ஒருக்கா விரிசல் விட்டுருச்சு. புதுசு கிடைக்கலை. சூசைதான் வெல்டிங் பண்ணி, மேனிஃபோல்டு வந்து சேர்ற நாலு ஓட்டையையும் கையாலயே மறுபடி குடைஞ்சான். அதுல மூணாவது ஓட்டை அரை நூல், அதாவது ஒண்ணரை மில்லிமீட்டர், கீழ இறங்கி இருக்குதாம். அதனால கடையில வாங்கற எந்த மேனிஃபோல்டும் அங்க சரியா உக்காராதாம். சந்துல காத்து உள்ள போகுமாம். காத்து ஜாஸ்தியாகி, பெட்ரோல் கம்மியாகி, மூணாவது பிஸ்டன் சூட்டுல பொத்துக்குமாம். ஹெட்டுலயும் மேனிஃபோல்டுலயும் கிரீஸைத் தடவி, ஒரே காகிதத்துல ஒட்டி எடுத்து, ரெண்டு வட்டமும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காராததைக் காட்டினான்.

பாருங்க தம்பி, அவன் குடைஞ்ச ஓட்டை கோணையா இருக்குது, அதுக்கு என்ற மேனிஃபோல்டு தப்பாம். எப்படி இருக்குது கதை?

நான் அவசரப்படற ஆளு இல்லை. அப்ப அவன், "எனக்கு மூணு மாசம் குடுங்க, நானே ஒண்ணு செஞ்சு தர்றேனுங்க. நம்ம பவுண்டரியிலயே ஊத்திக்கலாம்"னு கேட்டான். சரி செய்யின்னேன். ஷிப்டு முடிஞ்சப்பறம் எங்க பேட்டர்ன் பட்டறையில உக்காந்து மரத்துல செதுக்கினான். பவுண்டரித் தொழில் தெரியாதவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். முதல்ல மரத்துல சாமானோட உருவத்தைச் செய்வாங்க, அதுக்குப் பேருதான் பேட்டர்ன். அதை மண்ணுல அமுக்கி எடுத்தா ஒரு பள்ளம், அந்தப் பள்ளத்துல அலுமினியத்தை ஊத்தினா சாமான். சாமான் உடைஞ்சாப் பரவாயில்லை, இன்னொண்ணு ஊத்திக்கலாம். பேட்டர்ன் இருக்கோணும், அவ்வளவுதான். இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

மூணு மாசத்துல ஊத்தி எடுத்துட்டு வந்தான். நாலு குழாயும் நீளமா, அழகா வளைஞ்சு... நல்லாத்தான் இருந்துச்சு, இல்லைங்கலை. நடுவுல மேடா ஒரு எழுத்து. "தி"ன்னு. என்ற பேரு திருவேங்கடசாமி, அதோட முதல் எழுத்து. காக்கா பிடிக்கறதுன்னா அவன்கிட்டத்தான் கத்துக்கோணும். அவன் பேரைப் போட்டுக்கிட்டா நான் என்ன கடிச்சா தின்னுருவேன்? என்னமோ, போட்டிருந்தான். "முதலாளி, இந்தத் தடவை கிண்ணம் நம்முளுதுங்க"ன்னான். நம்முளுதாம்.

அப்பவும் நான் முடிவு பண்ணலை. ரெண்டையும் மேசை மேல வச்சு யோசனை பண்ணிட்டுத்தான் இருந்தேன். ஒரு ஞாயித்துக்கிழமை ஜெயராமுலு வந்தான். ரெண்டையும் பாத்தான். "எதை அண்ணா போடப் போறே?"ன்னான். பந்தய மேனிஃபோல்டுதான்னேன். அவன் என்னைப் பாக்காம சூசையைப் பாத்து, "என்னப்பா சூசை, நீ என்ன சொல்றே? வண்டி உன் பேச்சைத்தானே கேக்கும்"னான். இந்தச் சூசை, வாயை மூடிட்டு இருக்கலாமில்ல? "நீளம்தானுங்க சின்ன முதலாளி. அந்தக் குட்டையைப் போட்டா அஞ்சாவது வளைவு தாண்டாதுங்க"ன்னுட்டான்.

என்ற முன்னாலயே! என்ற ஷெட்டுல, என்ற பங்காளிகிட்ட! ஜெயராமுலு சிரிச்சான் பாருங்க ஒரு சிரிப்பு. அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கலை. என்ற வண்டிக்கு எதைப் போடறதுன்னு நான் ஒருத்தனைக் கேக்கோணுமா? சொல்லுங்க தம்பி, நீங்க காசு குடுத்து வண்டி வாங்கப் போறீங்க, உங்களுக்குப் புரியும்.

அப்பத்தான் எனக்கு ஒரு டாக்டர் ரிப்போர்ட் ஞாபகம் வந்துச்சு. எங்க பவுண்டரியில வருசா வருசம் மெடிக்கல் கேம்ப் வைப்பேன். கண்ணு, காது, நெஞ்சு எல்லாம் ஓசியில பாப்பாங்க. எவன் வைக்கறான் அப்படி? அந்த ரிப்போர்ட்டெல்லாம் என்ற மேசைக்கு வந்துட்டுத்தான் போகும். அதுல சூசைக்கு வலது காது முழுசாப் போச்சுன்னும் இடது காது பாதிதான்னும் எழுதியிருந்துச்சு. எப்ப இருந்துன்னு விசாரிச்சா ரெண்டு வருசமாவே அப்படித்தானாம். அந்த ஒரு காகிதத்தை மட்டும் டிராயர்ல எடுத்து வச்சுக்கிட்டேன். எதுக்கும் இருக்கட்டும்னு.

காது போனா என்னன்னு கேப்பீங்க. ரெண்டு கார்புரேட்டர் இருந்தா ரெண்டும் ஒரே அளவு காத்து இழுக்கோணும். அதை எப்படிப் பாப்பான்னா, ரெண்டடி ரப்பர் குழாயை எடுத்து ஒரு முனையைக் கார்புரேட்டர் வாயில வைப்பான், மறு முனையைக் காதுல வைப்பான். உஸ்ஸுன்னு சத்தம் வரும். ரெண்டு பக்கமும் ஒரே உஸ்ஸு வர்ற வரைக்கும் திருகாணியைத் திருப்பிட்டே இருப்பான். அவன் காதை நம்பித்தான் நானும் ஊரும் இருந்தோம். மில்லுக்காரங்க எல்லாம் அவனைக் கூட்டிட்டுப் போறதுக்கு எங்கிட்ட கியூவுல நிப்பாங்க. நாந்தான் அனுப்ப மாட்டேன். அந்தக் காதுதான் ரெண்டு வருசமா இல்லை! ஒரு வார்த்தை சொல்லலை பாருங்க அவன்.

காது எப்படிப் போச்சா? யாருக்குத் தெரியும். வயசுதான். பவுண்டரிச் சத்தம் வேற. எனக்கு இந்த இன்ஜின் சத்தம்னா உசுரு. சைலன்சரைக் கழட்டிட்டு, ஷெட்டுக் கதவைச் சாத்திட்டு, முழு ரேஸ் குடுக்கச் சொல்லிக் கேப்பேன். நான் அங்க, கண்ணாடி ரூமுக்குள்ள இருந்து கேப்பேன். அவன் பானெட்டுக்குள்ள தலையை விட்டுட்டு நிப்பான். ஒருக்கா காதுல பஞ்சு வச்சிருந்தான், எடுடா பஞ்சைன்னு திட்டினேன். பஞ்சை வச்சுக்கிட்டு இன்ஜினை என்னத்தைக் கேப்பே? அதுல இருந்து வைக்கறதில்லை. சொன்னாக் கேப்பான், அந்த வகையில நல்ல ஆளுதான்.

அடுத்த ஞாயித்துக்கிழமை சங்கத்து ஆளுகளை எல்லாம் ஷெட்டுக்கு வரச் சொன்னேன். பன்னெண்டு பேரு, சம்சாரங்களோட. உளுந்து வடை, காபி, எல்லாம் ஏற்பாடு. சூசைகிட்ட, "உன்ற மேனிஃபோல்டையே மாட்டி வைடா, எல்லாரும் பாக்கட்டும்"னேன். அவனுக்குச் சந்தோசம் தாங்கலை. புதுச் சட்டை போட்டுட்டு வந்தான், நான் தீபாவளிக்குக் குடுத்தது. சம்சாரத்தையும் கூட்டிட்டு வந்திருந்தான். அந்தம்மா கதவுகிட்ட நின்னுச்சு.

அவன் கை கழுவப் போன நேரம் பாத்து அந்த ரப்பர் குழாய்க்குள்ள நான் பஞ்சை வச்சு அடைச்சுட்டேன். நல்லா, குச்சியால குத்தி உள்ள தள்ளி. ஜெயராமுலுகிட்ட ஊதிப் பாக்கச் சொன்னேன், கன்னம்தான் வீங்குச்சு, காத்து வரலை. எல்லாரும் வாயைப் பொத்திட்டுச் சிரிக்கறாங்க.

வந்தான். வண்டியை ஸ்டார்ட் பண்ணினான். ஒரே அடியில பிடிச்சுருச்சு, அதைச் சொல்லியாகோணும். குழாயை எடுத்து இடது காதுல வச்சான். இன்னொரு கையை அந்த மேனிஃபோல்டு மேல விரிச்சு வச்சான். கண்ணை மூடிக்கிட்டான். பூசை பண்றவன் மாதிரி. திருகாணியைக் கால் சுத்து திருப்பினான். அடுத்த கார்புரேட்டர்ல வச்சான். மறுபடி கால் சுத்து. அப்பறம் நிமிந்து, "சரியா இருக்குதுங்க முதலாளி"ன்னான்.

"நல்லாக் கேக்குதாடா?"ன்னேன்.

"கேக்குதுங்க."

"ரெண்டும் ஒரே மாதிரி கேக்குதா?"

"ஒரே மாதிரி கேக்குதுங்க."

நான் குழாயை வாங்கி, எல்லாரும் பாக்கறாப்பல, கொறடால அந்தப் பஞ்சை இழுத்தேன். இழுக்க இழுக்க வந்துட்டே இருக்குது. ஐயோ, அந்தச் சிரிப்பு இருக்குதே! பன்னெண்டு பேரும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டாங்க. ஒரு அம்மா வடையைக் கீழ போட்டுருச்சு. அப்பறம் பையிலயிருந்து அந்த ரிப்போர்ட்டை எடுத்துப் படிச்சேன். வலது காது பூஜ்யம், இடது காது பாதின்னு சத்தமாப் படிச்சேன். அவனுக்கும் கேக்கோணுமில்ல?

சூசை அந்தப் பஞ்சைக் கையில வாங்கிப் பாத்தான். பாத்துட்டு பாக்கெட்டுல வச்சுக்கிட்டான். என்னத்துக்கு வச்சுக்கிட்டான்னு தெரியலை. "முதலாளி, நான் கையில கேக்கறேனுங்க. இப்ப ரெண்டு வருசமா கையிலதானுங்க கேக்கறேன்"னான். கையில கேக்கறானாம்! மறுபடி ஒரு சிரிப்பு. கதவுகிட்ட நின்ன அந்தம்மா எப்பப் போச்சுன்னு நான் பாக்கலை.

ஜெயராமுலு மட்டும் சும்மா இருக்காம, வெளிநாட்டுலயிருந்து வாங்கின ஒரு மீட்டரை எடுத்துட்டு வந்து ரெண்டு கார்புரேட்டர்லயும் வச்சுப் பாத்தான். ரெண்டுலயும் முள்ளு ஒரே இடத்துல நின்னுச்சு. மயிரிழை வித்தியாசம் இல்லை. அவன் சிரிப்பை நிறுத்திட்டு என்னைப் பாத்தான். நான் என்ன பண்ணட்டும்? குருட்டாம்போக்குல அமைஞ்சிருக்குது. அமையறதுதான். அதுக்காக ஒருத்தன் செவிடு இல்லைன்னு ஆயிருமா?

திங்கக்கிழமை காலையில அவனைப் பவுண்டரிக்குக் கூப்பிட்டேன். அந்த மேனிஃபோல்டை அவன் கையாலயே கழட்டி எடுத்துட்டு வரச் சொன்னேன். உலையில போடச் சொன்னேன். போட்டான். அலுமினியம்தானே, கொஞ்ச நேரத்துல இளகிருச்சு. அந்த "தி" கடைசி வரைக்கும் தெரிஞ்சுச்சு. அத்தோட விட்டிருந்தா நான் பவுண்டரிக்காரன் இல்லை. சாமான் போனா இன்னொண்ணு ஊத்திக்குவான், சொன்னேனில்ல? ஜெயராமுலுவுக்கே ஊத்திக் குடுத்துருவான். பேட்டர்னையும் எடுத்துட்டு வாடான்னேன். அப்பத்தான் அவன் முகம் மாறுச்சு. "அது மட்டும் வேண்டாமுங்க முதலாளி"ன்னான். இருபத்தாறு வருசத்துல அவன் எங்கிட்ட வேண்டாம்னு சொன்னது அது ஒருக்காத்தான்.

கேன்டீன் அடுப்புல வச்சோம். நல்லாக் காய்ஞ்ச மரம், சடசடன்னு எரிஞ்சுச்சு. அன்னைக்கு டீ அதுலதான் கொதிச்சுச்சு. எல்லாருக்கும் குடுக்கச் சொன்னேன். சூசைக்கும் ஒரு கிளாஸ் நானே எடுத்துக் குடுத்தேன். எனக்கு மனசுல வன்மம் எல்லாம் கிடையாதுங்க. குடிச்சான். கிளாஸைக் கழுவி வச்சுட்டுப் போனான்.

வேலையை விட்டு எடுத்துட்டேன்னு ஊருக்குள்ள பேசறாங்க. பொய். நான் அப்படிப்பட்ட ஆளில்லை. காது கேக்காதவனை மெக்கானிக்கா வச்சுக்க முடியாது, அதனால வாட்ச்மேன் வேலை குடுத்தேன். அதே சம்பளம். கேட்டுல உக்காந்திருந்து லாரி ஹாரன் அடிச்சா எந்திரிச்சுத் திறந்து விடோணும், அவ்வளவுதான் வேலை. நம்ம ஆளுக கொஞ்சம் லொள்ளு பண்ணினாங்க. பின்னால போய் நின்னுட்டு ஹாரன் அடிக்காமயே, "அடிச்சது கேக்கலையா?"ன்னு கத்துவாங்க. விளையாட்டுத்தானே. பதினோரு நாள் இருந்தான். பன்னெண்டாம் நாள் காக்கிச் சட்டையைத் துவைச்சு மடிச்சு கேட்டு மேல வச்சுட்டுப் போயிட்டான். சொல்லிக்கலை. இருபத்தாறு வருசம் உப்பைத் தின்னுட்டு ஒரு வார்த்தை சொல்லிக்காமப் போறதுக்குப் பேரு என்னங்க? நீங்களே சொல்லுங்க.

காபி ஆறுது, குடிங்க.

அப்பறம் கோத்தகிரி. சென்னையிலயிருந்து ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்து குட்டை மேனிஃபோல்டை மாட்டினேன். மூணாவது ஓட்டைகிட்ட சந்து இருந்துச்சுதான். சந்தை அடைக்கற கேஸ்கெட்டை ரெண்டாப் போட்டு பசையைத் தடவி இறுக்கிட்டான். என்ன சத்தம்ங்கறீங்க! மேட்டுப்பாளையத்துல எல்லாரும் காதைப் பொத்திக்கிட்டாங்க. முதல் வளைவு, ரெண்டாவது வளைவு, வண்டி திணறிட்டே போகுது. வளைவுல மெதுவானா மறுபடி எந்திரிக்க மாட்டேங்குது. நான் விடலை, மிதிக்கறேன். நாலாவது வளைவுல பட்டாசு மாதிரி வெடிக்குது. அஞ்சாவது வளைவுல டமார்னு ஒண்ணு. புகை. அவ்வளவுதான், நின்னு போச்சு.

ஆமாங்க, அஞ்சாவதுதான். மூணாவது பிஸ்டன்தான். ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க? வாயி வச்சான்ல, அதுதான். அவன் சாபம் குடுத்தா எப்படிங்க வண்டி போகும்?

ரோட்டோரத்துல நிக்கறேன், ஒவ்வொருத்தனா கையை ஆட்டிட்டுப் போறான். கடைசியா ஜெயராமுலுவோட சம்சாரம், அம்பாசிடர்ல, புளிச்சோத்துத் தூக்குப் போணியோட என்னைத் தாண்டிப் போச்சு. "மாமா, ஏறிக்கறீங்களா?"ன்னுது. அதை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்.

அதுக்கப்பறம் ஒண்ணரை வருசம். புதுப் பிஸ்டன் போட்டாச்சு. நாலு மெக்கானிக் மாறியாச்சு. எவனுக்கும் இந்த ஹெட்டுக்கு மேனிஃபோல்டு செய்யத் தெரியலை. ஒவ்வொருத்தனும் மூணாவது ஓட்டையைப் பாத்துட்டு, "இதை யாரு குடைஞ்சாங்களோ அவங்களையே கூப்பிடுங்க சார்"ங்கறான். எல்லாரும் பேசி வச்ச மாதிரி அதையேதான் சொல்றாங்க.

சரி, போனாப் போகட்டும், பழைய ஆளு, நாமளே ஒரு வாய்ப்புக் குடுக்கலாம்னு போன மாசம் போத்தனூர் போனேன். நானே போனேனுங்க, டிரைவரை அனுப்பலை. சும்மாவும் போகலை. காது கேக்கற மிஷின் ஒண்ணு, இருக்கறதுலயே ஒசத்தியானது, வாங்கிட்டுப் போனேன். எவன் வாங்கித் தருவான்?

ரயில்வே லைனுக்குப் பின்னால ஒரு சந்து. அதுல ஒரு தகரக் கொட்டாயி. மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் பாத்துட்டு உக்காந்திருந்தான். ஒரு மிக்ஸியை ஓட விட்டுட்டு அது மேல கையை விரிச்சு வச்சு, கண்ணை மூடிட்டு இருந்தான். அந்தப் பழக்கம் போகலை. நான் முன்னால போய் நின்னேன். கண்ணைத் திறந்தான். எந்திரிச்சான். அந்த மரியாதை இருந்துச்சு. ஸ்டூலைத் துடைச்சுப் போட்டான்.

மிஷினைக் குடுத்தேன். பெட்டியைத் திறந்து பாத்தான். மிக்ஸி ஜாருக்குப் பக்கத்துல வச்சுட்டான். போட்டுக்கடான்னேன், போடலை. சரின்னு விசயத்தைச் சொன்னேன். "சூசை, நீ மறுபடி வாடா. அந்த மேனிஃபோல்டை இன்னொண்ணு செஞ்சு குடு."

அவன் கையைக் காதுகிட்ட வச்சுக்கிட்டு, "கேக்கலைங்க முதலாளி"ன்னான்.

நல்ல காது எதுன்னு எனக்குத் தெரியுமே, இடது பக்கமாப் போய் நின்னேன். கொஞ்சம் சத்தமா, "நீ சொன்னதுதான்டா சரி! நீளம்தான் சரி!"ன்னேன்.

"கேக்கலைங்க முதலாளி."

அந்தச் சந்துல எல்லா வீட்டுலயும் ஆளுக வெளிய வந்துட்டாங்க. குழாயடியில குடத்தை வச்சுட்டுப் பாக்கறாங்க. எனக்கு வேர்த்து ஊத்துது. எப்படியும் வந்தாச்சு, இனி என்ன வெக்கம்னு, அடித் தொண்டையிலயிருந்து கத்தினேன். "நான் உனக்குப் பண்ணினது தப்புடா சூசை! பேட்டர்னை எரிச்சது தப்புடா!" எங்கப்பன் செத்தப்பக் கூட நான் அப்படிக் கத்தினதில்லை. ரயில்வே கேட்டு வரைக்கும் கேட்டிருக்கும்.

அவன் என்னையவே பாத்துட்டு நின்னான். பாக்கெட்டுக்குள்ள கையை விட்டு என்னத்தையோ தடவினான். அப்பறம் மெதுவா, "கேக்கலைங்க முதலாளி. என்ன பண்றதுங்க, காதுதான் போயிருச்சுங்களே"ன்னான்.

எனக்குப் பாவமாப் போச்சுங்க. முழுசாவே போயிருச்சு, ரெண்டு காதும். அவன் காதுல விழலைன்னா நான் அதெல்லாம் சொன்னதா ஆகாது, அது ஒரு நிம்மதி. சரின்னு திரும்பி நாலு எட்டு வச்சுட்டு ஒருக்கா பின்னால பாத்தேன். அப்ப ஒரு பொம்பளை, கைக்குழந்தை தோள்ல தூங்குது, அதனால குசுகுசுன்னு, அவன் இடது காதுக்குப் பின்னால இருந்து, "அண்ணா, என்ற மிக்ஸி எப்பங்க கிடைக்கும்?"னு கேட்டுச்சு. சூசை திரும்பிக்கூடப் பாக்கலை. என்னையத்தான் பாத்துட்டு நின்னான். "நாளைக்கு நாலு மணிக்கு வாங்க கண்ணு, ஜாருக்கு வாஷர் மாத்தோணும்"னான்.

பழக்க தோசத்துல சொல்லியிருப்பான். தினமும் வர்ற பொம்பளையா இருக்கும். சந்துல எல்லாரும் எதுக்குச் சிரிச்சாங்கன்னுதான் எனக்கு விளங்கலை.

இப்ப பானெட்டைத் தூக்கிப் பாருங்க. தூசி போகாம அந்த நாலு ஓட்டையிலயும் பஞ்சு வச்சு அடைச்சிருக்குது, அதை எடுத்துராதீங்க. விலை நான் சொன்னதுதான், குறைக்கறதுக்கில்லை. மேனிஃபோல்டு மட்டும் நீங்க பாத்துக்கோங்க.

என்ன தம்பி? போத்தனூர்ல எந்தச் சந்துன்னா கேட்டீங்க? எதுக்குங்க? நான்தான் சொல்றேனே, முழுச் செவிடு. உங்களுக்கு மட்டும் கேட்டுருமா? நான் மூணு தடவை கத்தினேனுங்க, ஊரே கேட்டுச்சு. கேட்டிருந்தா வந்திருக்க மாட்டானா?